கெட்டிமேளம் இன்னும் முடியவில்லை

திரும்பவும் இசை செய்யப்போகிறேன் என்று நான் வீட்டில் அறிவித்த அதே கிழமையில் என் மகள் மத்தியான நித்திரையைக் கைவிட்டாள். வேண்டுமென்றேதான் செய்தாள் என்று அப்போது உறுதியாக நம்பினேன். மூன்று வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு வஞ்சகம் இருக்காது என்று என் கணவர் சொன்னார். காலையில் கம்பித் தொழிற்சாலைக்குப் போனால் பின்னேரம் வந்து சேருகிற மனிதர் அவர். மத்தியானம் என்றால் என்னவென்று அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜேர்மனியின் ஹம் நகரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்து வீதியில், இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியுமான மாடிவீட்டில் இருந்தோம். நான் இசை செய்கிறவள் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் உடனே வீணையா, வாய்ப்பாட்டா என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை. மிசின் இசை. சத்தங்களைப் பிடித்து, வெட்டி, ஒட்டி, திருப்பித் திருப்பி ஓடவிட்டுச் செய்கிற இசை. இதைச் சொன்னதும் கேட்டவர் முகத்தில் ஓர் இரக்கம் வரும். அந்த இரக்கம் எனக்கு ஆகவே ஆகாது.

அந்தப் பழக்கம் ஒரு சண்டையில் தொடங்கியது. ஜேர்மனிக்கு வந்த புதிதில், கலியாணத்துக்கு முன், ஓர் இளைஞர் மையத்தின் மேல்மாடியில் டொச், அதாவது ஜேர்மன் மொழி, படிக்கப் போவேன். கீழே நாலைந்து ஜேர்மன் பெடியள் சுவர் அதிர ஏதோ அடித்துக்கொண்டிருப்பார்கள். வினைச்சொல்லை வாக்கியத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த ஒரு நாள், பொறுமை போய், அவர்களைப் பேசிவிட்டு வருவோம் என்று கீழே இறங்கினேன். பேசுவதற்குத் தேவையான டொச் என்னிடம் இல்லை. சொல் தேடிக்கொண்டு நான் நின்ற நேரத்தில் ஒருவன் மைக்கை நீட்டினான். வாயில் வந்தது 'சீ' மட்டும்தான். அதை ஒரு பெட்டிக்குள் பிடித்து வைத்து, பியானோவில் இருப்பது மாதிரி ஒரு கட்டையை அழுத்தினான். என் குரலில் 'சீ' வந்தது. பக்கத்துக் கட்டையில் இன்னும் கீச்சென்று ஒரு 'சீ'. மற்றப் பக்கத்துக் கட்டையில் தடித்த ஆண்குரலில் ஒரு 'சீ'. அன்றைக்கு நான் டொச் வகுப்புக்குத் திரும்பிப் போகவில்லை.

அந்தப் பெட்டிக்குப் பெயர் சாம்பிளர். எந்தச் சத்தத்தையும் உள்ளே வாங்கி வைத்து, கட்டையை அழுத்தினால் திருப்பித் தரும். பிடித்த சத்தங்களை வரிசைப்படுத்தி வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாகத் தானே ஓட்டும். பிறகு அந்தப் பெடியள் ஆளுக்கொரு ஊராகப் போனபோது அவர்களின் பழைய சாம்பிளர் என் கைக்கு வந்தது. நான் கொண்டுவந்த சீதனம் அதுதான் என்று என் கணவர் இன்றைக்கும் ஆட்களிடம் சொல்லிச் சிரிப்பார். மகள் தவழத் தொடங்கியதும், பிள்ளையும் வயர்களும் ஒரே தரையில் இருக்க முடியாது என்று பெட்டி கெல்லருக்குப் போனது. கட்டடத்துக்கு அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பூட்டோடு தருகிற நிலவறைதான் கெல்லர். சைக்கிளுக்கும் உருளைக்கிழங்குச் சாக்குக்கும் நடுவில், பொலித்தீன் பையில் சுற்றி வைத்தேன். கொஞ்ச நாளில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் வருடக்கணக்காகப் போனது.

அந்தக் காலம் முழுக்கச் சந்தோசமில்லாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். பிள்ளையோடு சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் தலைக்குள் சத்தம் நிற்கவில்லை. ரயில் கதவு மூடுகிற சத்தம், ஹீட்டர் குழாய் சூடேறும்போது போடுகிற டக் டக், மகள் கரண்டியால் பால் சட்டியில் அடிக்கிற அடி, எல்லாம் தாங்களாகவே வந்து வரிசையில் நிற்கும். வைப்பதற்கு இடமில்லாமல் கரைந்து போகும். அது ஒரு பசி. பசியோடு இருக்கிற ஆள் எப்படி எரிந்து விழும் என்பதை என் கணவரிடம் கேட்டால் விபரமாகச் சொல்லுவார்.

"பிள்ளை கிண்டர்கார்டனுக்குப் போகட்டும். பேந்து பாப்பம்" என்பார் அவர். கிண்டர்கார்டனில் இடமில்லை. ஆன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். 'பேந்து' என்றால் பிறகு. எங்கள் வீட்டில் அது 'இல்லை' என்பதை மரியாதையாகச் சொல்வது. எனவே ஒரு திங்கட்கிழமை நானே கெல்லருக்கு இறங்கி, மூச்சு வாங்க வாங்கப் பெட்டியை மேலே கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தேன். பிள்ளை மத்தியானம் படுக்கிற நேரம் எனக்குப் போதும் என்றேன்.

அவ்வளவுதான். அன்றோடு அவள் படுப்பதில்லை. தாலாட்டி, தட்டிக்கொடுத்து, மூச்சு ஆறுதலாக வருகிறதா என்று பார்த்து, காலை மெல்ல எடுத்து வைத்துக் குசினிக்கு வந்தால் எனக்கு முன்னாலேயே அங்கே நிற்பாள். "அம்மா, உது என்ன? நான் திருகட்டோ?" பெட்டியில் திருகக்கூடியது எல்லாவற்றையும் திருகினாள். ஹெட்போனைப் பொம்மைக்குத் தொப்பியாகப் போட்டாள். கிழமை முடிவில் என் கணவர் மேசையையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "அப்ப திரும்பக் கெல்லருக்குக் கொண்டு போவமே?" என்று மெதுவாகக் கேட்டார். மனிதர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார். நான் சாப்பாட்டுக் கோப்பையை வைத்த சத்தம் அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

அந்த நேரத்தில்தான் மேல்வீட்டு அக்கா இறங்கி வந்தார். எங்களுக்கு நேர் மேலே இருக்கிறவர். பின்னேரங்களில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்கூடம் போகிறார்கள். கோடையில் அவருடைய தம்பிக்குக் கலியாணம் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார்கள்.

"தங்கச்சி, உம்மட்டை ஒரு பெட்டி கிடக்காமே. எந்தச் சத்தத்தையும் பிடிச்சு வைக்குமாமே?"

"ஓம் அக்கா."

"கெட்டிமேளத்தையும் பிடிக்குமோ?"

அவர் ஏன் கேட்டார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்க ஆட்கள் இல்லை. கலியாண வீடுகளில் கசெற்றில்தான் மேளம். மற்ற நேரத்துக்கு அது போதும். ஆனால் தாலி கட்டுகிற நொடியில் ஐயர் கையைக் காட்ட, சபை முழுக்கக் "கெட்டிமேளம், கெட்டிமேளம்!" என்று கத்த, தவில் முழங்கவேண்டும். அதற்கென்று தனிக் கசெற்றைச் சரியான இடத்தில் சுற்றி நிறுத்தி வைத்துக்கொண்டு ஒருவர் விரலை வைத்தபடி காத்திருப்பார். அதற்கு முந்தின வருடம் நடந்த ஒரு கலியாணத்தில் அந்தப் பொறுப்பு மாப்பிள்ளையின் தோழருக்கு. ஐயர் கையைக் காட்டினார். சபை கத்தியது. தோழர் அழுத்தினார். மண்டபத்து ஸ்பீக்கர்களில் ஒரு வயதான அம்மாவின் குரல் கணீரென்று வந்தது: "மகன், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. உனக்குச் சின்னனிலையே காது சரியில்லை." ஊரிலிருந்து தன் தாய் பேசி அனுப்பியிருந்த கசெற்றை மனிதர் மாற்றிப் போட்டுவிட்டார். அப்போதெல்லாம் கடிதத்துக்குப் பதில் கசெற்றில் பேசி அனுப்புவது வழக்கம். மாப்பிள்ளை அந்தக் குரலோடேயே தாலியைக் கட்டி முடித்தார். பாதிச் சபை சிரித்தது. பாதிச் சபை தங்கள் தங்கள் தாய்மாரை நினைத்து அழுதது. அந்த வீடியோவை இன்னும் வைத்திருக்கிறார்கள்.

தன் தம்பிக்கு அப்படி நடக்கக்கூடாது என்பது அக்காவின் கவலை. ஆனால் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எத்தனையோ சத்தங்களுக்காகக் காத்திருக்கிற பெட்டி. அதைக் கலியாண வீட்டு மணி மாதிரி ஒருக்கால் அழுத்திவிட்டு வைக்கவா? பல்லைக் கடித்துக்கொண்டு மறுக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"பிடிக்கும் அக்கா. ஆனால் லேசுப்பட்ட வேலை இல்லை. பிள்ளையை வைச்சுக்கொண்டு செய்ய ஏலாது."

"பிள்ளையை நான் பாக்கிறன். காலமையிலை கொண்டு வந்து விடும்" என்றார் அக்கா, யோசிக்கவே இல்லை.

கலியாணம் என்ற சொல்லுக்கு எங்கள் ஆட்களிடம் இருக்கிற பலத்தை அன்றைக்குத்தான் கண்டேன். என் இசைக்கு இல்லாத இடம் கெட்டிமேளத்துக்கு உடனே கிடைத்தது. "தாலி கட்டுற விசயம், விளையாட்டில்லை" என்று என் கணவர் ரீவியைத் தரையில் இறக்கிவிட்டு அந்த மேசையை எனக்குத் தந்தார். வயர்களைச் சுவரோடு சேர்த்து ஒட்டினார். கடையில் கண்டவர்கள் எல்லாம், "என்ன பிள்ளை, கெட்டிமேளம் முடிஞ்சுதோ?" என்று விசாரித்தார்கள்.

கெட்டிமேளம் முதல் நாளே முடிந்துவிட்டது. அக்கா தந்த நல்ல கசெற்றிலிருந்து தவில் உச்சத்துக்குப் போகிற இடத்தைப் பிடித்தேன். பெட்டிக்குள் ஒரு சத்தத்துக்கு ஒரு சில விநாடிதான் இடம். அதன் வாலைத் தலையோடு ஒட்டுத் தெரியாமல் சேர்த்தால், விரலை எடுக்கும்வரை முழங்கிக்கொண்டே இருக்கும். ஒட்டைச் சரியாக்க ஒரு காலைப்பொழுது போனது. அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.

நான் யாரிடமும் பொய் சொல்லவில்லை. முடிந்தது என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். கேட்டவர்களிடம் "இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்றேன். கொஞ்சம் கிடந்தது உண்மை. அது கெட்டிமேளம் இல்லை, என்னுடைய இசை. அதற்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை.

காலையில் மகளை மேலே விட்டுவிட்டு வந்தால் வீடு என்னுடையது. குசினிப் பைப் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. கணவர் திருத்துகிறேன் என்று சொல்லிச் சொல்லித் திருத்தாத பைப். முதலில் அதைப் பிடித்தேன். பிறகு ஹீட்டர். பிறகு மைக்கையும் ஒரு சின்ன ரெக்கோடரையும் தூக்கிக்கொண்டு ஸ்டேசனுக்குப் போய் ரயில் கதவுகள். கெட்டிமேளத்தில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு தவில் அடியை எடுத்து, சுருதியை இறக்கி இறக்கிப் பார்த்தேன். ஆழத்தில் யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி ஆனது. அதைக் கேட்ட நேரம் எனக்கு மயிர் கூச்செறிந்தது. விரல்கள் ஒன்றையும் மறக்கவில்லை. குசினிக்குள் தனியாக நின்று ஆடினேன்.

மத்தியானம் மகள் திரும்பி வந்ததும் விசாரணை நடக்கும். இன்றைக்கு என்ன பிடித்தீர்கள், காட்டுங்கள் என்பாள். தானும் பிடிக்கவேண்டும் என்று ஒரே அடம். சரி, வா என்று பால் சட்டியையும் கரண்டியையும் கொடுத்து மைக்கைப் பிடித்தேன். அவள் அடித்த அடி ஒரு தாளத்திலும் அடங்காது. நாள் முழுக்க அதை என் தாளத்துக்குள் திருத்திக்கொண்டு வரப் பார்த்து, கடைசியில் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அவளுடைய கரண்டிக்குப் பின்னால் நடக்கவிட்டேன். அங்கேதான் அது இசையாக எழும்பியது. அந்தக் கிழமை நான் யாரிலும் எரிந்து விழவில்லை. என் கணவர் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

கலியாணம் நெருங்க நெருங்க கலியாணப் பொம்பிளையை விட எனக்குத்தான் பயம் கூடியது. தாலி ஏறினால் என் காலைகள் போய்விடும். பிள்ளை பார்ப்பவர் இல்லை, மேசை ரீவிக்குத் திரும்பும், பெட்டி உருளைக்கிழங்குக்குப் பக்கத்தில் போய்ப் படுக்கும். இந்த முறை போனால் அது திரும்பி வராது என்று எனக்குத் தெரிந்திருந்தது. கலியாணத்தைப் பின்போட வழியிருக்கிறதா என்றுகூட யோசித்தேன். நல்ல நாள் வைத்த ஐயரில் கோபம் வந்தது.

கலியாணம் ஒரு தேவாலயத்தின் மண்டபத்தில். ஐயர் வேறு ஊரிலிருந்து ரயிலில் வந்திறங்கினார். ஓமப்புகையைக் கண்டு மண்டபத்துக் காவலர், ஒரு பெரிய ஜேர்மன் மனிதர், வாளியில் தண்ணீரோடு மணவறைக்குப் பக்கத்திலேயே காவல் நின்றார். சனம் நெருக்கிப் பிடித்தது. நான் ஸ்பீக்கருக்கு அருகில் பெட்டியோடு இருந்தேன். பக்கத்தில் கசெற் போடுவதற்கு மாப்பிள்ளையின் சிநேகிதர் ஒருவர். மகள் தகப்பனின் தோளில்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. மாப்பிள்ளை கூறைச்சேலையைக் கொடுத்தார். பொம்பிளை அதை மாற்றி உடுக்க உள்ளே போனார். எங்கள் கலியாணங்களில் இந்த இடைவெளி எவ்வளவு நீளும் என்று உள்ளே போன பெண்களுக்கே தெரியாது. அந்த நேரம் பார்த்து ரேப் ரெக்கோடர் கசெற்றைத் தின்றுவிட்டது. நாதஸ்வரம் முனகி, இழுபட்டு, நின்றது. சிநேகிதர் குடல் மாதிரி நாடாவை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். மண்டபம் மெல்ல அடங்கியது. ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"மங்கள வாத்தியம் நிக்கப்படாது. ஏதாவது போடுங்கோ."

"அக்கா, கெட்டிமேளத்தையே போடுங்கோ" என்று சிநேகிதர் என்னிடம் கெஞ்சினார்.

"விசரே உமக்கு? பொம்பிளை இன்னும் சீலை உடுத்து முடியேல்லை. ஆருக்குத் தாலி கட்டுறது?"

மாப்பிள்ளையின் அக்கா, அதாவது மேல்வீட்டு அக்கா, மணவறைப் பக்கமிருந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் கெட்டிமேளத்தைத் தவிர இருந்தது ஒன்றுதான். சிரிப்பார்கள் என்று பயந்தேன். சிரிப்பதை விட, இரக்கப்படுவார்கள் என்று பயந்தேன். பிறகு எனக்கே என்னில் கோபம் வந்து, அழுத்தினேன்.

பைப் சொட்டியது. ஹீட்டர் சேர்ந்துகொண்டது. ஆழத்தில் தவில் தட்டியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரில் ஏதோ கேட்கிறது, கலியாணம் நடக்கிறது என்று சனம் நிம்மதியாகத் தங்கள் கதையைத் தொடர்ந்தது. எங்கள் ஆட்கள் கலியாண வீட்டில் வாத்தியத்தைக் காது கொடுத்துக் கேட்டதாக வரலாறு இல்லை. எனக்கு ஆறுதலும் வந்தது, எரிச்சலும் வந்தது. பிறகு பிள்ளைகள் கதிரைகளுக்கு நடுவில் ஆடத் தொடங்கினார்கள். வாளியோடு நின்ற காவலரின் தலை தாளத்துக்கு ஆடியது. ஒரு பெரியவர் குனிந்து, "பிள்ளை, இது எந்தப் படம்?" என்று கேட்டார்.

கரண்டி வந்தது. தகப்பனின் தோளில் இருந்து மகள் கூவினாள்: "இது நான்! இது என்ரை கரண்டி! இது அம்மான்ரை பாட்டு!"

என் கணவர் ஸ்பீக்கரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"இஞ்சாரும், இது எங்கட குசினிப் பைப்பெல்லோ?"

"ஓம். திருத்திப் போடாதேங்கோ."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. அதற்குள் பொம்பிளை கூறையோடு வந்துவிட்டார். என் இசையும் அந்த இடத்தோடு சரி, அதற்கு மேல் செய்திருக்கவில்லை. நிறுத்தினேன். ஐயர் கையைக் காட்டினார், சபை கத்தியது, என் விரல் இறங்கியது. கெட்டிமேளம் சுவரில் மோதித் திரும்பியது. சபை வாழ்த்தித் தூவிய அறுகரிசி மழையாகக் கொட்டியது. காவலர் திடுக்கிட்டு வாளியைத் தூக்கினார்.

எல்லோரும் வந்து கெட்டிமேளத்தைப் புகழ்ந்தார்கள். அசல் மேளம் தோற்றது என்றார்கள். மற்றதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்த கணவர், "கிழமை முடியக் கெல்லருக்குக் கொண்டு போவமே? ரீவியை எத்தினை நாளைக்கு நிலத்திலை வைச்சுப் பாக்கிறது" என்றார். சண்டை பிடிக்க என்னிடம் காரணம் இருக்கவில்லை. ஓம் என்றேன்.

திங்கட்கிழமை காலை மகளுக்கு உடுப்புப் போட்டுவிட்டு, எங்கேயும் போகாமல் குசினியில் இருந்தேன். அவள் கரண்டியோடு சுற்றி வந்தாள். மணி அடித்தது. வாசலில் மேல்வீட்டு அக்கா, ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு.

"ஏன் இன்னும் பிள்ளையைக் கொண்டு வரேல்லை?"

"கலியாணம் முடிஞ்சுதெல்லோ அக்கா."

"கெட்டிமேளம் முதல் நாளே முடிஞ்சுது. எனக்குத் தெரியாதே? உங்கட முகடுதான் எனக்கு நிலம். அண்டைக்குக் காலமை முழுக்கக் கெட்டிமேளம் கேட்டுது. அடுத்த நாளிலை இருந்து ஒருக்காலும் கேக்கேல்லை."

நான் அண்ணாந்து முகட்டைப் பார்த்தேன். அக்கா நிறுத்தவில்லை.

"தண்ணி சொட்டுறதும், உந்தப் பிள்ளை சட்டியிலை அடிக்கிறதும் வருமே, அதுதான் பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டுது. சமைக்கேக்கை அதைக் கேட்டுக்கொண்டுதான் நிக்கிறனான். கொஞ்சம் கொஞ்சமா நீண்டுகொண்டு வந்தது. பேந்து ஒரு இடத்திலை டக்கெண்டு நிண்டிட்டுது. கலியாண வீட்டிலையும் அதிலையே நிப்பாட்டிப்போட்டீர். அதுக்குப் பிறகு என்ன வரும்?"

என் இசையில் அடுத்தது என்ன வரும் என்று அதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கண் நிறைந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

"எனக்கே தெரியாது அக்கா."

"அப்ப இருந்து பாரும்" என்று சொல்லி மகளின் கையைப் பிடித்தார். "மத்தியானம் வந்து கூட்டிக்கொண்டு போம்."

இருவரும் படியேறிப் போனார்கள். நான் கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைப் போட்டேன். மேலே அக்காவுக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினேன்.